புகை விடாத படகு

படகு எஞ்சின் செய்கிறவன் கடலோரத்தில் இருக்க வேண்டும். நாங்களோ கடலே எட்டாத காவிரிப் பக்கம், அரியமங்கலத்தில் இருந்தோம். சோதனை ஷெட்டில் கரி பூசிக்கொண்ட சக பாவிகளே, எண்பதுகளில் நாங்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள். புகையைக் குறைக்க, டீசலை அளந்து விடும் எலெக்ட்ரானிக் பெட்டி ஒன்றை எஞ்சினோடு சேர்க்கும் வேலை. நாகப்பட்டினத்துப் படகுக்காரர் ஒருவர் முன்னால் அது தேறாவிட்டால் ஷெட்டைப் பூட்டிவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

வேஷ்டிப் பரீட்சை

புகை அளக்கும் கருவி வாங்க எங்களுக்கு வக்கில்லை. என் கூட்டாளி வரதன், ஸ்ரீரங்கத்துக்காரன், பழைய வேஷ்டியைக் கிழித்து எடுத்து வருவான். அதைப் புகைக்குழாய் முன் பிடிப்போம். துணி எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவு எங்கள் தோல்வி. எஞ்சினைச் சட்டென்று முடுக்கினால் டீசல் அதிகமாய்ப் பாய்ந்து, எரியாமல் கரியாய் வரும். வேகம் ஏறும்வரை அதை இழுத்துப் பிடிப்பதுதான் பெட்டியின் வேலை. முதல் நாள் அந்தச் சனியன் எதிர்மாறாக டீசலை அள்ளி ஊற்றியது. பக்கத்து ஷெட்டில் பீரோவுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த அந்தோணி அண்ணன் ஓடி வந்தார்: "ஏங்க, நீங்க புகையைக் குறைக்கிறீங்களா, தயாரிக்கிறீங்களா?"

உப்புக்காற்று

பெட்டி ஒருவழியாகப் படிந்தது. ஆனால் கடல் காற்றைத் தாங்குமா? காவிரியில் தண்ணீர் வந்தாலே எங்களுக்குத் திருவிழா. உப்புக்காற்றுக்கு எங்கே போவது? வரதன் வீட்டு மொட்டை மாடியில் பெட்டியை வைத்து, வேளாவேளைக்கு உப்புத் தண்ணீர் தெளித்தோம். முதல் பெட்டி, உள்ளே செம்புக் கம்பியெல்லாம் பச்சை பூத்துச் செத்தது. வார்னிஷ் பூசி ரப்பர் வைத்து மூடிய அடுத்தது, அடேயப்பா, அசையவே இல்லை! குதித்துக்கொண்டிருந்தோம். வரதன் மனைவி மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்: "ஊர்ல எல்லாரும் வத்தல் காயப்போடறா. நீங்க எதைக் காயப்போட்டுண்டு இந்த ஆட்டம் ஆடறேள்?"

நாகப்பட்டினம்

படகுக்காரர் செல்வராசு சிரிக்கத் தெரியாத மனிதர். கடலுக்குள் போனதும் வேண்டுமென்றே வேக லீவரை ஒரே தள்ளாகத் தள்ளினார். வழக்கமாய் அந்த இடத்தில் கரும்புகை குபுகுபுவென்று கிளம்பும். வரதன் "ரங்கா, ரங்கா" என்று கண்ணை மூடிக்கொண்டான். புகை வரவில்லை. படகு மட்டும் சீறிக்கொண்டு போனது! செல்வராசு புகைக்குழாயைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கரைக்கு வந்ததும், "என் மத்த படகுக்கும் இதையே மாட்டிடுங்க" என்றார். காத்திருந்த முதலாளி எங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஷெட் பிழைத்தது, எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எங்களுக்கும் சேர்த்துச் சமைப்பதாகச் சொல்லியிருந்த செல்வராசுவின் மனைவி மட்டும் முறைத்தார்: "தூரத்துல இவரு புகை தெரிஞ்சாத்தான் நான் உலை வைப்பேன். இப்ப ஆளே வந்து நிக்கிறாரு, நான் இன்னும் அரிசியே களையல!"

புகையை ஒழித்த கையோடு சோற்றுக்குக் காத்துக் கிடந்த வெற்றிவீரர்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம்.