இருபத்துநாலு பவர்

சுகந்தினி மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்தாள். கண்ணைச் சோதிப்பவர் வேறொருவர். பிரேம் தேர்ந்தெடுக்க உதவுவது, செய்து வந்த கண்ணாடியை முகத்தில் மாட்டிப் பார்த்து மூக்குத்தாங்கியை வளைத்துச் சரிசெய்வது எல்லாம் அவள் வேலை. யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்து, கல்யாணமாகி ஒக்லாந்துக்கு வந்தவள். ஆங்கிலம் பிடிபட்ட பிறகு இந்தத் தொழிலைப் படித்து முடித்தாள். ஒரு கண்ணாடி நல்லதா மட்டமா என்று விளிம்பைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

கணவன் யசீகரனுக்கு வேலை புக்கெகோஹியில். வெங்காயமும் கரட்டும் பொதி செய்யும் பெரிய கொட்டகையில் மேற்பார்வையாளர். ஹில்ஸ்பரோ வீட்டிலிருந்து விடியுமுன்னே காரில் போய்விடுவார். அங்கேதான் அவருக்கு வேட்டைப் பழக்கம் தொற்றிக்கொண்டது. முயல்கள் பயிரைத் தின்று தீர்க்கின்றன என்று தோட்டக்காரர் ஒருவர் புலம்ப, கூட வேலை செய்தவர்கள் துவக்கோடு அவற்றைச் சுடப் போனார்கள். இவர் வேடிக்கை பார்க்கப் போனார். அடுத்த வருடமே துவக்கு லைசென்சுக்கு எழுதிப்போட்டார்.

லைசென்ஸ் கொடுக்குமுன் ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து சுகந்தினியைத் தனியாக இருத்தி விசாரித்தார். வீட்டில் துவக்கு இருப்பதில் உங்களுக்குப் பயமில்லையா என்று கேட்டார். போர்க்காலத்தில் ஷெல்லுக்குப் பயந்து பள்ளிக்கூட மேசைக்குக் கீழே படுத்திருந்தவளிடம் கேட்கிற கேள்வியா என்று அவளுக்குத் தோன்றியது. இவர் கவனமான மனுசன், எனக்குப் பயமில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அதில் பொய்யும் இல்லை. துவக்கைக் கராஜில் சுவரோடு பூட்டிய இரும்புப் பெட்டியில் வைத்து, சன்னங்களை வேறோர் இடத்தில் பூட்டி வைக்கிற ஆள் அவர்.

வேட்டைக்குக் கூட்டாளி பிரசாத். கோயம்புத்தூர்க்காரன், யசீகரனைவிட வயதில் நன்றாக இளையவன், அதே கொட்டகையில் இயந்திரங்கள் பழுதுபார்ப்பவன். கலகலப்பான பேச்சு. மகள் ராகவிக்கு அவனென்றால் உயிர். கார் ஓட்டப் பழக்கியதே அவன்தான். சனிக்கிழமைகளில் வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் இரண்டு பேரும் ஸ்கோப் பற்றியே கதைப்பார்கள். துவக்கின் மேலே பூட்டுகிற தொலைநோக்கி. விலை கூடியது கட்டாது, மலிவானது சுடும்போது வரும் உதைப்புக்குத் தாங்காது, நடுத்தர விலையில் எது நல்லது என்பதுதான் மாதக்கணக்காக நடந்த விவாதம்.

யசீகரனுக்கு மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு வரை பெருக்கிக் காட்டும் பவர் உள்ள சின்ன ஸ்கோப் போதும். பாரம் குறைவு. காட்டுக்குள் மான் அறுபது எழுபது மீட்டரில்தான் எழும்பும், அப்போது சுற்றிவரத் தெரிய வேண்டும், பெருக்கிப் பார்ப்பதில் பயனில்லை என்பார். பிரசாத்துக்கு அது பிடிக்காது. அவன் ஞாயிறுகளில் ஒரு பண்ணையில் தூரத்து இரும்புத் தகடுகளைக் குறிபார்த்துச் சுடப் போகிறவன். அவனுக்கு ஆறிலிருந்து இருபத்துநாலு வரை பவர் போகிற பெரிய ஸ்கோப்தான் வேண்டும். "ஒரே ஸ்கோப்ல ரெண்டு வேலையும் ஆயிடும்ணா. காட்டுக்குப் போறப்ப ஆறுல வெச்சுக்க வேண்டியதுதானே" என்பான்.

"காட்டுக்கு ஆறே கூடிப்போகும், பிரசாத். கிட்டத்திலை வந்தால் முழு மானும் உள்ளுக்கை அடங்காது" என்பார் யசீகரன்.

ஒரு சனிக்கிழமை சுகந்தினியும் சேர மூன்று பேருமாகத் துவக்குக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் விலை ஏறக்குறைய ஒன்றாயிருந்த மூன்று ஸ்கோப்புகளை எடுத்துவைத்தார். பின்கதவைத் திறந்துவிட்டு, தூரத்து வேலியையும் விளம்பரப் பலகையையும் பார்க்கச் சொன்னார். "அக்கா, நீங்க கண்ணாடி ஆளு. எது கிளியரா இருக்குன்னு சொல்லுங்க" என்று பிரசாத் அவள் கையில் கொடுத்தான். அவளுக்கும் ஆசையாயிருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றில் பலகையின் எழுத்தோரங்களில் ஊதா நிறம் கசிந்தது. இன்னொன்றில் நடு தெளிவு, ஓரம் குழைந்து போயிருந்தது. பிரசாத் விரும்பிய பெரிய ஸ்கோப்பில் இரண்டு குறையும் இல்லை. பவரைக் கூட்டக் கூட்டப் படம் இருண்டது. அந்தப் பவரில் எதுவும் இருளத்தான் செய்யும்.

"கண்ணாடி எண்டு பார்த்தால் இதுதான் திறம்" என்றாள்.

பிரசாத் அதை வாங்கினான். யசீகரன் சிரித்துக்கொண்டே தன்னுடைய சின்னதை வாங்கினார். வழியில் மூன்று பேரும் மீன் பொரியல் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

ஏப்ரல், மான்கள் கத்துகிற காலம். ஆண்மான்கள் சத்தம் போட்டே தாங்கள் நிற்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் வேட்டைக்காரர்கள் எல்லோரும் அப்போது காட்டில்தான். தெற்கே ஒரு காட்டுக்கு அனுமதி எடுத்துக்கொண்டு இருவரும் வெள்ளிக்கிழமை போனார்கள். ஓடைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், யாரும் தாண்டுவதில்லை என்று பேசிக்கொண்டார்கள். யசீகரன் தூரத்திலிருந்தே கண்ணில் படுகிற செம்மஞ்சள் நிற மேலங்கிதான் போட்டிருந்தார். சனிக்கிழமை பின்னேரம் தூறல் பிடித்துக் குளிர்ந்தது. அந்த மேலங்கிக்கு மேலே பழுப்புக் கம்பளிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஓடையையும் தாண்டியிருக்கிறார். ஏன் தாண்டினார் என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஞாயிறு காலை கடையில் ஒரு வயதானவருக்குக் கண்ணாடிக் காதுப்பிடியைச் சூடுகாட்டி வளைத்துக்கொண்டிருந்தாள் சுகந்தினி. பொலிசார் இரண்டு பேர் வந்து பெயரைக் கேட்டார்கள். பின்னறைக்கு வரச் சொன்னார்கள். அவள் அந்தக் கிழவரின் கண்ணாடியைக் கையில் பிடித்தபடியே போனாள். யசீகரன் இனி இல்லை என்று அவர்கள் சொல்லி முடித்த பிறகு, "அவரோடை போனவர் எங்கை? பிரசாத்துக்கு என்ன நடந்தது?" என்று கேட்டாள். அவனுக்கும் ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தாள். பொலிஸ்காரி அவள் தோளில் கை வைத்து, சுட்டது அவர்தான் என்றாள்.

செத்தவீட்டுக்குப் பிரசாத் வரவில்லை. வரக்கூடாது என்பது பிணையில் விட்டபோது போட்ட கட்டளை. சனம் வந்தது, அழுதது, சமைத்துக் கொண்டுவந்து வைத்தது. பிறகு கதை மெல்ல மாறியது. கோயில் சபையில் இருக்கிற இரத்தினசிங்கம் ஒரு நாள் வந்து தொடங்கினார்.

"பிள்ளை, அவன் வேணுமெண்டு செய்தவனில்லை. அவனும் ஒரு குடும்பக்காரன். கோட்டிலை நீர் ஒரு வார்த்தை சொன்னால் நீதவான் கேப்பார்."

"என்ன வார்த்தை, அண்ணை?"

"மன்னிச்சிட்டன் எண்டு."

அவள் எழுந்து தேத்தண்ணீர் வைக்கப் போனாள். திரும்பி வந்தபோது வேறு கதை கதைத்தாள்.

மன்னிப்பா இல்லையா என்பதல்ல அவளுக்குள் கிடந்தது. 'இதுதான் திறம்' என்று தன் வாயால் சொன்னதுதான் கிடந்தது. அவளிடம் கண்ணாடியைப் பற்றித்தான் கேட்டார்கள், பவரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியாத விசயமா அது? பவர் ஏறினால் தெரிகிற பரப்பு குறுகும் என்று பூதக்கண்ணாடி வாங்க வருகிற எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள்.

ஒரு மத்தியானம் லீவு போட்டுவிட்டு அந்தத் துவக்குக் கடைக்குப் போனாள். கடைக்காரருக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. பிரசாத் வாங்கிய அதே வகை ஸ்கோப்பைப் பார்க்க வேண்டும் என்றாள். அவர் எடுத்துக்கொடுத்து, பின்கதவைத் திறந்துவிட்டார்.

கார்கள் நிறுத்தும் இடத்துக்கு அப்பால், பழுப்பு ஜாக்கெட் போட்ட ஒருவன் தள்ளுவண்டிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தான். ஆறில் வைத்துப் பார்த்தாள். தலை, கை, நடை, வாயில் சிகரெட், எல்லாம் தெரிந்தது. வளையத்தை இருபத்துநாலுக்குத் திருப்பினாள். ஆளைக் காணவில்லை. வட்டம் நிறையத் துணி. அதன் நடுவே குறுக்குக்கோடு. துணியின் மயிர்கூடத் தெரிந்தது. அவ்வளவு நல்ல கண்ணாடி. அது துணி என்று தெரிந்ததால் துணியாகத் தெரிந்தது. தூறலில், மரநிழலில், மானைத் தேடி ஏங்கிக்கொண்டிருக்கிற ஒருவனுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று அவளுக்கு விளங்கியது. விளங்கியதும் கோபம்தான் கூடியது. ஒரு விரலால் திருப்பிக் குறைத்திருக்கலாம், அவ்வளவு லேசான வளையம்.

எதைச் சுடப்போகிறோம் என்று முதலில் பைனாகுலரில் பார்க்க வேண்டும், ஸ்கோப்பால் தேடக்கூடாது, இதை இங்கே வருகிற எல்லோருக்கும் சொல்கிறோம் என்றார் கடைக்காரர். அந்தத் தம்பிக்கும் சொன்னேன் என்றார். சுகந்தினி ஸ்கோப்பை மூடி போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

பிரசாத் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். தீர்ப்புக்கு முன் இரண்டு தரப்பும் விரும்பினால் நேரில் சந்திக்கலாம் என்று நீதிமன்றத்திலிருந்து கேட்டார்கள். ராகவி வர மறுத்தாள். "ஐ கான்ட், அம்மா" என்று அறைக்குள் போய்விட்டாள். சுகந்தினி தனியே போனாள். ஒனேஹங்காவில் ஒரு சமூக மண்டபத்தின் சிறிய அறை. நடத்தி வைக்க ஒரு வெள்ளைக்காரப் பெண், மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண். எதிரே பிரசாத். தாடி வளர்ந்திருந்தது. அவளைக் கண்டதும் எழுந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான்.

"அக்கா..." என்று தொடங்கி அழுதான். அவள் காத்திருந்தாள்.

"எத்தினை பவரிலை இருந்தது?" என்று கேட்டாள்.

அவன் நிமிர்ந்தான். அந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. "இருபத்துநாலுக்கா. முந்தின வாரம் பண்ணையில தூரத்துல சுட்டுப் பார்த்துட்டு அப்படியே வெச்சுட்டேன். கொறைக்க மறந்துட்டேன்."

"கண்ணை வைச்ச உடனை தெரிஞ்சிருக்குமே, கூடிப்போய் நிக்குதெண்டு."

"தெரிஞ்சுது."

"அப்ப ஏன் குறைக்கேல்லை?"

"குறைக்கறதுக்குள்ள ஓடிப்போயிடும்னு..."

மொழிபெயர்க்கிற பெண் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள்.

"தலை தெரிஞ்சுதா?"

"இல்லக்கா."

"கொம்பு?"

"இல்ல."

"அப்ப என்னத்தைக் கண்டு சுட்டனீங்கள்?"

"பழுப்பா ஏதோ அசைஞ்சுது. கிளை ஒடியற சத்தம் கேட்டுச்சு. மான்னுதான் நெனச்சேன்."

"நினைச்சீங்கள்" என்றாள் அவள்.

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவளுக்குக் கேட்க இன்னும் ஒன்று மிச்சமிருந்தது.

"நான் திறமெண்டு சொன்னதாலையோ அதை வாங்கினனீங்கள்?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல. அதான் வேணும்னு நான் முன்னாடியே முடிவு பண்ணிட்டேன். உங்ககிட்ட சும்மா கேட்டேன்."

அவன் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, உண்மையாகத்தான் சொன்னான் என்று முகத்தில் தெரிந்தது. மாதக்கணக்காக அவள் நெஞ்சில் சுமந்துகொண்டிருந்தது ஒன்றுமில்லாமல் போனது. பாரம் குறைந்த மாதிரி இல்லை. பிடித்துக்கொண்டிருந்த கம்பி கையைவிட்டுப் போன மாதிரி இருந்தது. அவள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் யசீகரன் செத்திருப்பார். அவளுக்கு அதில் பங்கே இல்லை.

வேறு ஏதாவது சொல்ல விருப்பமா என்று நடத்துகிற பெண் கேட்டாள். இல்லை என்று தலையசைத்துவிட்டு எழுந்தாள். வாசலில் திரும்பி, "மன்னிச்சிட்டன் எண்டு நான் சொல்லேல்லை. ஆரும் கேட்டால் அப்பிடிச் சொல்லாதேங்கோ" என்றாள்.

"சொல்ல மாட்டேங்க்கா."

தீர்ப்பு நாளில் அவள் தன் பக்கத்திலிருந்து எதையும் கேட்கவில்லை. சிறைக்கு அனுப்புங்கள் என்றும் சொல்லவில்லை, விட்டுவிடுங்கள் என்றும் சொல்லவில்லை. கணவர் எப்படிப்பட்டவர் என்பதை மட்டும் எழுந்து நின்று சொன்னாள். பிரசாத்துக்கு வீட்டுக் காவல் தண்டனை கிடைத்தது. துவக்கு லைசென்ஸ் போனது. காலில் ஒரு கண்காணிப்புப் பட்டி. தன் வீட்டு வளவைத் தாண்டினால் அது காட்டிக்கொடுக்கும். வெளியே வந்தபோது இரத்தினசிங்கம், "ஏதோ ஒரு மாதிரி முடிஞ்சுது, பிள்ளை" என்றார். எது முடிந்தது என்று அவள் கேட்கவில்லை.

பிரசாத்தின் வீடு மவுண்ட் ஆல்பர்ட்டில், ராகவியின் பள்ளிக்கூடத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் ராகவி நனைந்துபோய் வீட்டுக்கு வந்தாள். சுகந்தினி குசினியில் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஐ வென்ட் டு பிரசாத் மாமாஸ் ஹவுஸ்" என்றாள் மகள்.

சுகந்தினியின் கை நின்றது. "என்னத்துக்கு?"

தெரியாது என்று ராகவி தோளைக் குலுக்கினாள். பிறகு அரைகுறைத் தமிழில் சொன்னாள். கேற்றுக்கு வெளியே மழைக்குள் நின்றாளாம். அவன் குப்பைத்தொட்டியை எடுக்க வந்தானாம். அவளைக் கண்டதும் தொட்டியை அப்படியே விட்டுவிட்டு நின்றானாம். கொஞ்ச நேரத்தில் அவன் மனைவி வந்து அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாளாம்.

"இனிப் போகாதை" என்றாள் சுகந்தினி.

ராகவி துவாயை எடுத்துத் தலையைத் துடைத்தாள். பருப்பு பொங்கி வழிந்தது. சுகந்தினி நெருப்பைக் குறைத்தாள், அடுப்பைத் துடைத்தாள், தட்டுகளை எடுத்து வைத்தாள்.

"மெலிஞ்சு போயிட்டானோ?" என்று மகளைப் பார்க்காமலே கேட்டாள்.

"யெஸ்" என்றாள் ராகவி. "எ லொட்."

இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.