வீட்டுக்கும் கடலுக்கும் எத்தனை மீற்றர்

காலநிலை மாற்றம் பற்றிக் கரையோரத்து ஆட்களிடம் கேட்டு எழுதிவரச் சொல்லி, பள்ளிக்கூடத்தால் எங்களைச் சைக்கிளில் வல்வெட்டித்துறைக்கு அனுப்பினார்கள். ஆளுக்கொரு பச்சைத் தொப்பி, ஒரு படிவம். நீர்வேலியிலிருந்து எதிர்காற்றில் மிதித்து வந்ததில் எனக்கு எல்லாவற்றிலும் எரிச்சல், முக்கியமாக அந்தத் தொப்பியில்.

கரையில் குந்தியிருந்து வலையில் பாசி பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் முதற் கேள்வியை வாசித்தேன். வீட்டுக்கும் கடலுக்கும் எத்தனை மீற்றர்?

“வாங்கோ, காட்டிறன்” என்று எழும்பியவ நேரே கடலுக்குள் இறங்கினா. நானும் கூட வந்த தோழியும் செருப்போடேயே பின்னால் போனோம். முழங்காலளவு தண்ணீர், அலையே இல்லை. மணலுக்கடியில் வழுவழுப்பான சீமெந்து காலில் தட்டுப்பட்டது.

“சுவரெல்லாம் கடல் கொண்டுபோட்டுது. நிலந்தான் மிச்சம். இப்ப நீங்கள் நிக்கிறது விறாந்தை, அங்காலை அடுப்பெரிஞ்ச குசினி.” விருந்தாளிக்கு வீடு காட்டுகிற மாதிரித்தான் சொன்னா. நான் இடப்பக்கமாக ஓரடி வைத்தேன்.

“பிள்ளை, செருப்பைக் கழட்டு. அது சாமியறை.”

உச்சி வெயில். சுற்றிவர வெறும் தண்ணீர். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

திரும்பும்போது தோழி குறுக்கே கரையைப் பார்த்து நடக்கப் போனாள். நான் அவளைக் கையில் பிடித்து இழுத்தேன்.

“அதாலை போகேலாது, சுவர்” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் அக்காவுக்குப் பின்னால், அவ போன வாசலாலேயே வெளியே வந்தோம்.