எழும்பாத பறவைகள்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. இது என் சித்திக்கு நடந்தது. பேய் என்று யாராவது வாயெடுத்தாலே "வேற வேலை இல்ல?" என்று எரிந்து விழுகிற ஆள் அவள். அவளே சொன்னதைத்தான் சொல்கிறேன்.

பறவைகள் சரணாலயம் ஒன்றில் சித்திக்குக் காவல் வேலை. பெரிய சதுப்பு நிலம். நாணலுக்குள் தரையிலேயே பறவைகள் முட்டையிடும். அதனால் நடுவே போகும் பலகைப் பாதையை விட்டு யாரும் இறங்கக் கூடாது. ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டு வந்து அவள் பிராணனை வாங்கியது. ஒருவர் சின்னப் பெட்டியை ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே தேடி வருவார்கள். அனுமதி வாங்கிப் பாதையோரம் வைத்தால் தொல்லையில்லை. சில மகராசன்கள் நாணலுக்குள் கொண்டுபோய் வைப்பார்கள். பத்துப் பேர் மிதித்தால் போதும், முட்டையெல்லாம் கூழ்.

அந்தக் கூட்டத்திலும் ஒரு தங்கமான மனிதர் இருந்தார். ஓய்வுபெற்ற சர்வேயர். வாசலில் செருப்பு மண்ணைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். பாதையை விட்டு இறங்கியவர்களுக்கு அவர் விடும் டோஸைக் கேட்டால் சித்திக்கே பாவமாக இருக்குமாம்.

அவரைத்தான் காணவில்லை. இரண்டாம் நாள் அவர் மகள் வந்து நின்றாள். காற்று வேறு காதைப் பிளந்துகொண்டிருந்தது.

"அப்பா இங்கதான் வந்தாரு, அக்கா. நாணலுக்குள்ள ஒரு தடவை தேடிப் பாருங்க."

"உங்கப்பாவா? பாதைய விட்டு ஒரு அடி வைக்க மாட்டாரும்மா. அதுக்கு நான் கேரண்டி."

சரணாலய அதிகாரி அதையே பிடித்துக்கொண்டார். "நீயே சொல்லிட்டல்ல? முட்டை பொரியுற நேரம். எவனும் இறங்கக் கூடாது. இறங்கினா உன் வேலை போச்சு."

சித்தப்பா போன பிறகு, அந்த வேலையோடு கிடைத்த வீடுதான் சித்திக்கும் அவள் மகளுக்கும் கூரை. பலகைப் பாதையில் மட்டும் தேடினார்கள். சர்வேயரின் மகள் அழுதுகொண்டே போனாள்.

அன்று மாலை ஆறே கால். வாசலைப் பூட்டப் போன சித்தி பார்த்தாள். பாதை வளைவில்... சர்வேயர்.

"சார்! எங்க போய்த் தொலைஞ்சீங்க? உங்க பொண்ணு அழுது அழுது..."

அவர் திரும்பவில்லை. பலகை மேல் நடந்தார். சத்தமே இல்லை. பூனை நடந்தாலும் கிரீச்சிடுகிற பலகை அது.

அப்புறம்... பாதையை விட்டு இறங்கினார்.

இவரா! சித்தி கத்தினாள். "ஐயோ சார், முட்டை இருக்கு!"

கூடுகளுக்கு நடுவே நடந்தார். ஒரு பறவைகூட எழும்பவில்லை. மனித வாடை பட்டாலே அலறிக்கொண்டு பறக்கும் பறவைகள், அடைகாத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தன.

சித்தி பலகை விளிம்புவரை வந்து நின்றாள். இறங்கினால் வேலை போகும். வீடு போகும். பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே போவது? அதிகாரிக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். மறுபடி...

இருட்டத் தொடங்கியது.

நாணலுக்கு நடுவில் அசையாமல் நின்றவர், முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தார்.

அவ்வளவுதான். ஆள் இல்லை.

சித்தி இறங்கினாள்.

படபடபடவென்று அத்தனை பறவைகளும் எழுந்தன.

"சார்... சார்..."

சேறு.

ஒரு கை.

மார்புவரை புதைந்திருந்தார், உயிர் இல்லை. சட்டைக்குள், எவனோ ஒளித்துவைத்த பிளாஸ்டிக் பெட்டி. பத்துப் பேர் மிதிப்பதற்குள் நாமே எடுத்துவிடலாம் என்று நினைத்திருப்பார். வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான் இறங்கியிருக்கிறார், பாவி மனுஷன்.

மறுநாளே சித்திக்கு வேலை போனது. மனிதர் செத்ததற்கு அதிகாரி வாயில் ஒரு வார்த்தை வரவில்லை; உடைந்த முட்டைகளைப் பற்றி முழ நீளத்துக்குப் பேசினார். நாணலுக்குள் புதிதாக இருந்தது ஒரே ஒருவர் நடந்த தடம்தானாம். சித்தியுடையது.

அதற்குக்கூட அவள் அழவில்லை. வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தபோது சர்வேயரின் மகள் வந்தாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள். இரண்டு நாளும் அப்பா சேற்றுக்குள் உயிரோடுதான் இருந்தாராம். சித்தி போய்ச் சேர்வதற்குச் சற்று முன்புதான் உயிர் போயிருக்கிறது. உடம்புச் சூடுகூட ஆறவில்லையாம்.

பாதையோரம் போனும் கையுமாக வேலையை நினைத்துக்கொண்டு சித்தி நின்றது, அரை மணி நேரம்.