சுஜூதில் கிடந்த ஐந்து தென்னைகள்

புயல் அடித்த மறுநாள் காலை, எங்கள் வளவுக் கிணற்றடியில் நின்ற ஐந்து தென்னைகளும் மேற்கே, நாங்கள் தொழும் திசையில், தலை வைத்துக் கிடந்தன. உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "மரமெல்லாம் கிப்லாப் பக்கம் நெத்தியப் போட்டுச் சுஜூது செய்யிது." பிறகு ஓலைகளை விலக்கிக்கொண்டு தண்ணீர் அள்ளப் போனார்.

அடுத்த வருடம் நான் பொதுச் சோதனை எழுதும் வகுப்பு. தமிழ் வாத்தியார், நாங்கள் 'சேர்' என்போம், அணிகள் படிப்பித்தார். உவமை, உருவகம், உயர்வு நவிற்சி எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அன்று தற்குறிப்பேற்ற அணி: இயல்பாக நடக்கும் ஒன்றின் மேல் புலவர் தன் எண்ணத்தை ஏற்றிச் சொல்வது. எடுத்துக்காட்டு ஒன்றை எழுதி, கீழே புலவரின் பெயரையும் எழுதச் சொன்னார். பாடப்புத்தகத்தில் ஒரு செய்யுள் இருந்தது. நான் தென்னைகளை எழுதினேன். கீழே 'உம்மா' என்று போட்டேன்.

சேர் சிவப்புப் பேனையால் குறுக்கே வெட்டினார்.

"புயலுக்கு விழுந்த மரம் தொழுமா புள்ள? பக்கத்து வளவு மரம் கடல் பக்கம் விழுந்திச்சே, அது என்ன செஞ்சிச்சு?"

"அதானே சேர் அணி. மரத்துக்கு ஒண்டும் தெரியா. சொன்ன ஆளுக்குத்தான் தெரியும்."

வகுப்பு சிரித்தது. சேரின் முகம் சிவந்தது.

"உன்ட உம்மா புலவரா? புத்தகத்தில இரிக்கிறத எழுது. அத எழுதும்வரைக்கும் என்ட வகுப்புக்கு வராத. வெளிய போ!"

கூரைத் தகரம் பறந்து இன்னும் போடாத வகுப்பு அது. உள்ளேயும் வெயில், வெளியேயும் அதே வெயில். கொப்பியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் நின்றேன். சோதனைக்கு மூன்று மாதம் இருந்தது. தமிழில் கோட்டை விட்டால் என் படிப்பு அத்தோடு சரி, வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். தெரிந்துதான் நின்றேன்.

வீட்டில் சொன்னதும் உம்மாவுக்குக் கோபம் வந்தது, என் மேல்தான்.

"சேரோட ஏன் வாய் காட்டின? நான் அழகுக்கா சொன்ன, மகள்? அதுகள் சும்மா விழுந்திட்டெண்டு நினைச்சிருந்தா, எனக்கு அண்டைக்கு வாளியத் தூக்க ஏலாமப் போயிருக்கும்."

அதைக் கேட்ட பிறகு அந்தச் சிவப்பு வெட்டை ஏற்றுக்கொள்ள எனக்கு என்ன பைத்தியமா? புத்தகச் செய்யுளோடு எனக்கு ஒரு பகையும் இல்லை. அதைப் பாடியவரும் ஒரு தாயின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்தானே. மூன்று மாதமும் யன்னலுக்கு வெளியே நின்றே பாடம் கேட்டேன். சேரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் எனக்கும் கேட்கட்டும் என்றோ என்னவோ, சத்தமாகத்தான் படிப்பித்தார். அது என்னுடைய தற்குறிப்பேற்றமாகவும் இருக்கலாம்.

சோதனைத் தாளில் அந்த அணியைக் கேட்டிருந்தார்கள். தென்னைகளையே எழுதினேன். கீழே இந்தத் தடவை உம்மாவின் முழுப் பெயரையும் எழுதினேன். தமிழில் சித்தியடைந்தேன். அந்த விடைக்குப் புள்ளி போட்டார்களோ, வெட்டினார்களோ தெரியாது. வெட்டியிருந்தாலும், உம்மாவின் பெயரை வாசித்துவிட்டுத்தான் வெட்டியிருக்க வேண்டும்.