அக்காவுக்கு ரேடியோகிராம் வந்த வழி

எங்கள் அக்கா கர்த்தருக்குள் கண்மூடி ஓராண்டு ஆகிறது. ஜெபத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்கள் தயவுசெய்து இதைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும். மடித்து விசிறிக்கொண்டு உட்காரப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வாத்தியாராக இருந்தவன் நான்.

அக்கா முசரவாக்கத்தில் பிறந்தார். அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அக்காவுக்குப் பதினாலு வயது, எனக்கு ஐந்து. அக்கா பள்ளிக்கூட வாசலை மிதித்ததே இல்லை. என்னை மட்டும் ஒரு நாள்கூட மட்டம் போட விடவில்லை. கழனி வேலை போதாமல் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போனவர், அங்கேயே இருபது வருஷத்துக்கு மேல் உழைத்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் வாத்தியார் பயிற்சி முடித்தேன். கல்யாணப் பேச்சு எடுத்தால், "தம்பி ஒரு நெலைக்கு வரட்டும்பா" என்பார். நான் நிலைக்கு வந்தேன். அக்காவுக்குக் கல்யாணம் நடக்கவில்லை.

ஒரு சாயங்காலம் மூன்று சக்கர வண்டியில் ஒரு ரேடியோகிராம் வந்து, எனக்கு வேலை கிடைத்ததும் நாங்கள் குடிவந்த ஐயம்பேட்டை வீட்டு வாசலில் இறங்கியது. தேக்குப் பெட்டி, இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், மூடியைத் தூக்கினால் ரிக்கார்டு சுற்றும் தட்டு. அன்று முதல் "திருட்டுப் பொட்டி" என்ற பேச்சு அக்காவை விட்டுப் போகவே இல்லை. அடக்கத்தன்று, சவப்பெட்டி வாசலைத் தாண்டும் முன்பே, நம் உறவில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அந்த வூட்டுக்காரங்க வந்து பொட்டியைக் கேட்டா இன்னா சொல்லுவே?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒரு வருஷத்துக்குள் அந்தப் பெட்டி வந்த வழியைக் கண்டுபிடித்து, இந்த மலரில் போட்டு எல்லார் வாயையும் அடைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பழைய மெக்கானிக் ஒருவரைப் பிடித்துப் பின்பலகையைக் கழற்றினோம். வால்வுகளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டில் சென்னைக் கடை ஒன்றின் பெயர் இருந்தது. போனேன். அங்கே இப்போது செருப்பு விற்கிறார்கள். பழைய ரேடியோ சேர்ப்பவர்களுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். எந்தக் காலத்துப் பெட்டி என்றார்கள், விற்கிறீர்களா என்றார்கள். அக்கா கைக்கு எப்படி வந்தது என்பதை அவர்களாலா சொல்ல முடியும்? சின்ன காஞ்சிபுரத்து வீட்டை இடித்து லாட்ஜ் கட்டிவிட்டார்கள். அந்தத் தெருவில் கதவு கதவாகத் தட்டினேன். அறுபத்தெட்டு வயசில் நடுத்தெருவில் நின்று அழுதேன், ஐயா. வருஷம் முடியப் பத்தே நாள் இருக்கும்போது, தெருமுனைப் பூக்காரர் ஒருவர் அந்த வீட்டு மகனின் போன் நம்பரைக் கொடுத்தார்.

போனில் நான் யார் என்று சொன்னதும், "வாத்தியார் தம்பிதானே?" என்றார். பெட்டியைப் பற்றிக் கேட்டேன்.

"எங்கம்மாவுக்குக் கடைசி எட்டு வருஷம் கண் தெரியாது சார். நாங்க வேலைக்குப் போனப்புறம் உங்க அக்காதான் கூடத்துக்கு வந்து ரிக்கார்டு மாத்தி மாத்திப் போடுவாங்க. அப்பா இருந்திருந்தா உள்ளேயே விட்டிருக்க மாட்டார். அம்மாதான் 'அவளுக்கே கொடுத்துடு'ன்னு பிடிவாதமா சொல்லிட்டா. கையோட லெட்டரும் எழுதிக் கொடுத்தேனே, நீங்க பாக்கலையா?"



சொந்தக்காரர்களே, உங்களைத் திட்டத்தான் நான் தேடக் கிளம்பினேன். ஆனால் "திருட்டுப் பொட்டி" என்று முதலில் சொன்ன வாய் என்னுடையது. பெட்டி இறங்கிய அன்று தெருவே கேட்கக் கத்தினேன்: "கொல்லைப்புறத்தைத் தாண்டி உள்ளே வுடாதவங்க கூடத்துப் பொட்டியைத் தூக்கிக் குடுத்தாங்களா? யாருகிட்ட கதை வுடுறே?" என் வாத்தியார் வேலை போய்விடும் என்ற பயம் எனக்கு. அக்கா மடித்த காகிதம் ஒன்றை நீட்டினார். "அவுங்கதாண்டா குடுத்தாங்க. இதுல எழுதி இருக்குது, படிச்சுக் காட்டுடா." பிடுங்கி அடுப்பில் போட்டேன். ஏதோ மளிகைச் சீட்டு என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு என் எதிரில் அக்கா அந்த மூடியைத் திறந்ததே இல்லை. என்ன எழுதியிருந்தது என்று தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

அக்கா படுக்கையில் கிடந்த மூன்று மாதமும் கஞ்சி வைத்து, துணி மாற்றிப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுத் தறிக்காரர் மனைவிக்கும், தினமும் வந்து ஜெபித்த போதகருக்கும், தோள் கொடுத்த பிள்ளைகளுக்கும், போனை வைக்காமல் என் அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்த அந்த வீட்டு மகனுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடிருக்கும்.

தன் அம்மா சொல்லச் சொல்ல எழுதிய அந்த இரண்டு வரியும் அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. அக்கா, நீ படிக்கச் சொன்னதை இப்போது எல்லார் முன்னாலும் படிக்கிறேன்.

"இந்தப் பெட்டி நான் மனசாரக் கொடுத்தது. இவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது."

கேட்டவன் நான்தான், அக்கா.

— தம்பி