ராகுகாலத்தில் நின்ற ஆஸ்பத்திரி கார்

வடகரைப் பக்கம் எங்கள் ஊருக்கு அப்போதெல்லாம் முதல் பஸ்ஸே பத்து மணிக்குத்தான். தென்காசி ஆஸ்பத்திரியில் காசத்துக்கு ஊசி போடுகிற அறையை ஒன்பதரைக்குப் பூட்டிவிடுவார்கள். இந்த அரை மணி நேரத்துக்குள் மாட்டிக்கொண்டு சீரழிந்தவள் என் அக்கா. திங்களும் வியாழனும் ஊசி. நடுவில் இரண்டு மூன்று விட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பஸ் முன்னாலேயே வந்தாலும் பிரயோசனமில்லை. இரண்டு தடவை இருமினால் கண்டக்டர் விசில் ஊதி இறக்கிவிடுவான்.

நானும் வேறு சிலரும் நடையாய் நடந்து பஞ்சாயத்து போர்டில் ஒரு தீர்மானம் போட வைத்தோம். வாரம் இரண்டு நாள் செங்கோட்டையிலிருந்து வாடகைக் கார் வரும். வாடகையை போர்டு கொடுக்கும். நோயாளிகள் ஐந்து பேர் போய்வரலாம். காரைப் 'பிளஷர்' என்றுதான் சொல்லுவோம். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சீக்கு வந்தாத்தாம்லே நமக்குப் பிளஷரு" என்றாள்.

ஒரு மாதம் ஒழுங்காக நடந்தது. அப்புறம் ஒரு திங்கட்கிழமை, ஏற்கெனவே இழுத்துக்கொண்டு கிடந்த ஒரு பெரியவர், போகிற வழியிலேயே காருக்குள் கண்ணை மூடிவிட்டார். கார் ஊரைவிட்டுக் கிளம்பியது ஏழே முக்காலுக்கு. திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரையிலிருந்து ஒன்பது. அவ்வளவுதான். போர்டு கார் எமனுக்கு வாகனமாகிவிட்டது என்று குளத்தங்கரையில் பேச்சாகிவிட்டது. தேர்தல் வேறு கிட்டத்தில் இருந்தது. மெம்பர்கள் அரண்டுபோய் இன்னொரு தீர்மானம் போட்டார்கள்: ஆஸ்பத்திரி கார் ராகுகாலத்தில் புறப்படக்கூடாது.

ராகுகாலத்துக்கு முன்னால் கிளம்பலாமே என்றால், டிரைவர் செங்கோட்டையிலிருந்து எங்கள் ஊருக்கு வந்து சேரவே ஏழே முக்கால் ஆகிவிடும். அதனால் திங்கட்கிழமைதோறும் கார் வந்து வாகை மரத்தடியில் நிற்கும். பெரியவர் இடத்துக்கு வந்தவரோடு சேர்த்து ஐந்து நோயாளிகளும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பார்கள். டிரைவர் கண்ணாடியைத் துடைப்பான். ஒன்பது அடித்ததும் கிளம்பினால், அந்த ரோட்டில் முக்கால் மணி நேரம். போய்ச் சேரும்போது பூட்டுத்தான் தொங்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடங்கொடுக்கவில்லை என்பார்களே, இங்கே சாமியும் பூசாரியும் ஒரே ஆளாக இருந்தார்கள்.

இப்படி இரண்டு திங்கட்கிழமை ஊசி போயிற்று; வியாழக்கிழமை ராகுகாலம் மத்தியானத்தில் என்பதால் அது மட்டும் தப்பியது. "இன்னும் ஒரு ஊசி விட்டா, அதுவரைக்கும் போட்டதெல்லாம் வீண்தாம்மா" என்று நர்ஸ் அக்காவிடம் சொல்லிவிட்டாள். நான் பிரசிடெண்ட் வீட்டுக்கு ஓடினேன்.

"அண்ணாச்சி, சீக்கு பஞ்சாங்கம் பாத்தா வருது?"

"நான் நம்புதேனா இல்லையாங்கிறது கிடக்கட்டும் வே. ஊரு நம்புதுல்லா? இன்னொருத்தன் வழியில மண்டையப் போட்டாம்னா எவன் எனக்கு ஓட்டுப் போடுவான்? நீரு போடுவீரு. உம்ம ஒரு ஓட்ட வச்சி நாக்கு வழிக்கவா?"

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. யோசனை என்ன யோசனை, கிறுக்குத்தனம். எங்கள் பக்கத்தில் பரஸ்தானம் என்று ஒரு வழக்கம் உண்டு. புறப்படுகிற நேரம் சரியில்லை என்றால், முந்தின நாளே நல்ல நேரம் பார்த்து ஒரு துணி மூட்டையை வேறு இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். மூட்டை புறப்பட்டால் ஆளே புறப்பட்ட மாதிரி. மறுநாள் எந்த நேரத்தில் கிளம்பினாலும் தோஷமில்லை. "ஞாயித்துக்கெழம மத்தியானமே அஞ்சு பேரு மூட்டையையும் கார்ல ஏத்தி அனுப்பிருவோம் அண்ணாச்சி" என்றேன். பிரசிடெண்ட் தொடையைத் தட்டினார். "இது புத்தி!" அன்றைக்கே மெம்பர்கள் எல்லாரும் சம்மதித்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"என் சேலை முன்னால போயி ஊசி போட்டுக்கிடுமாக்கும்" என்றாள் அக்கா. ஆனாலும் ஒரு பச்சைச் சேலையை மடித்து மூட்டை கட்டிக் கொடுத்தாள். ஞாயிறு மத்தியானம் டிரைவர் வந்து ஐந்து மூட்டைகளையும் வாங்கிக்கொண்டு போனான்.

ஆனி மாதம், குற்றாலத்தில் சாரல் கட்டி அடிக்கிற நேரம் என்பதை நான் மறந்தே போனேன்.

திங்கட்கிழமை ஏழே முக்காலுக்குக் கார் வரவில்லை. ஒன்பதுக்கும் வரவில்லை. பத்து மணி பஸ் வந்துவிட்டுப் போயிற்று. பதினொன்றுக்குக் கார் வந்தது. குளிக்க வந்தவர்களை விடிகாலையில் டிரைவர் ஐந்தருவிக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். அவர்கள் ஈரத்துணியோடு ஏறி உட்கார்ந்ததில் மூட்டைகள் ஐந்தும் நனைந்து, எண்ணெயும் சீயக்காயும் மணத்தன.

"வாடகைக்காரன்னா நாலு சவாரி பாக்கத்தானே செய்வான்?" என்றான் டிரைவர்.

அக்கா மூட்டையை அவிழ்த்துச் சேலையை முறுக்கிப் பிழிந்தாள். தண்ணீர் சொட்டியது.

"நல்லா இருக்குலே உன் பரஸ்தானம். சேலை ஐந்தருவியில குளிச்சிட்டு வந்திருக்கு. ஊசிதான் போடல."

அப்படிச் சொல்லிவிட்டு இருமினாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நர்ஸ் சொன்னபடியே ஆயிற்று. ஒன்றரை மாதம் குத்திய குத்தெல்லாம் வீணாகி, வியாழக்கிழமை மறுபடி ஒன்றாவது ஊசியிலிருந்து ஆரம்பித்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை ஏழே முக்காலுக்குக் கார் வந்து நின்றது. அக்கா நேரே போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"வண்டிய எடுலே."

"ராகுகாலம்லாக்கா..."

"நாளுங் கோளும் நலிந்தோர்க்கில்லன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. நான் நலிஞ்சவதான். எடு."

பிரசிடெண்டுக்கு ஆள் போயிற்று. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். அக்காவோடு வாதாட முடியாமல் கடைசியில் ஒரு காகிதம் எழுதச் சொன்னார்: 'ராகுகாலத்தில் என் சொந்த இஷ்டத்தில் போகிறேன். என்ன நடந்தாலும் போர்டு பொறுப்பல்ல.' அக்கா உட்கார்ந்தபடியே முன் சீட்டின் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். மற்ற நாலு பேரையும் நான் கூப்பிட்டுப் பார்த்தேன். அவர்கள் மரத்தடியைவிட்டு எழுந்திருக்கவில்லை. அவளும் நானும் மட்டும் போனோம்.

அதற்கப்புறம் ஊசி முடிகிற வரைக்கும் திங்கட்கிழமைதோறும் அதே காகிதம், அதே கையெழுத்து. அவளை இறக்கிவிட்டுக் கார் திரும்பி வந்து, ஒன்பது மணிக்கு மேல் அந்த நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு போகும். அக்காவுக்கு ஊசி போட்டு முடிந்து நாங்கள் வாசலில் நிற்கும்போது அவர்கள் வந்து இறங்குவார்கள். நல்ல நேரத்தில் புறப்பட்டு, பூட்டின கதவுக்கு.