பப்பாளி போட்ட கறி

என் மாமாவும் அத்தையும் தாங்களாகவே விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அதன்பிறகு அத்தையின் அப்பா, அவர்கள் குடியிருந்த தென்காசிப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. நான் மூன்றாம் வகுப்பு படிக்கையில், குற்றாலத்தில் சீசன் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழப்பாவூரிலிருந்து வருவதாகச் சொல்லியனுப்பினார். வருவது பெரிதில்லை, மகள் வீட்டில் கை நனைப்பாரா என்பதுதான் கேள்வி. சாப்பிடாமல் எழுந்து போய்விட்டால், உறவு வேண்டாம் என்று அர்த்தம்.

மாமா அன்று தானே சமைப்பதாகக் கிளம்பினார். வாங்கிவந்த ஆட்டுக்கறியோ முற்றல். மாமா அறிவியல் வாத்தியார்; அசருவாரா? பப்பாளிக்காயை அரைத்துக் கறியில் பிசைந்தார். வார விடுமுறைக்கு வந்திருந்த எனக்கு அங்கேயே பாடமும் நடந்தது.

“ஏட்டி, இந்தக் காயில ஒரு நொதி இருக்கு. கத்தரிக்கோல் மாதிரி கறியை நறுக்கிக்கிட்டே போகும், ஆனா தான் மட்டும் தேயாது. அதனால கொஞ்சம் போட்டாப் போதும். குளிர்ல மெதுவா வேலை செய்யும். அடுப்புல கொதிச்சாத்தான் அடங்கும்.”

சொல்லிவிட்டு, மாமனாராயிற்றே என்று கூடவே இன்னொரு கை அள்ளிப் போட்டார். அரைமணியில் அடுப்பேற்றுவதாகத் திட்டம்.

வந்தவர் வாசலில் நின்றபடியே, அருவிக்குப் போய்விட்டு வரலாம் என்றார். வீட்டுக்குள் நுழைவதைத் தள்ளிப்போடத்தான் அப்படிச் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது. மறுத்துப் பேச மாமாவுக்குத் தைரியம் ஏது? கறியை ஃபிரிட்ஜில் வைக்கக்கூடத் தோன்றாமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் போனோம். ஐந்தருவியில் கூட்டமான கூட்டம். குளித்துத் திரும்பும்போது பொழுது மத்தியானத்தைத் தாண்டிவிட்டது.

கத்தரிக்கோல் அதுவரை சும்மா இருந்திருக்கவில்லை. கொதித்த குழம்பில் துண்டு என்று சொல்ல ஒன்றுமில்லை; எலும்பு தனியாகவும் கறி கூழாகவும் கிடந்தது. அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. மாமா தலைகுனிந்தபடி இலையில் ஒரு கரண்டி வைத்தார். அது நாலா பக்கமும் ஓடியது.

பெரியவர் இலையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு பிசைந்து ஒரு வாய் வைத்தார்.

“பல்லு ஆடுது. எனக்கு இப்படித்தான் வேணும். மாப்பிள்ள, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க.”

மூன்றுமுறை கேட்டு வாங்கினார். சாப்பிட்டு முடித்ததும் மடியிலிருந்து கொட்டைப்பாக்கை எடுத்து நறுக்கென்று கடித்தார்.

“தாத்தா, பல்லு ஆடுதுன்னு சொன்னீங்க?” என்றேன்.

“அது சாப்பிடுதப்ப மட்டும் ஆடும்ட்டி” என்றார்.

அடுக்களையில் அத்தை, காலியான சட்டியை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். தனக்குக் கறி மிஞ்சவில்லையே என்றுதான் அழுகிறாள் என எனக்குப் பட்டது. பாவமாக இருந்தது. நான் தொடாமல் ஒதுக்கிவைத்த கூழை இலையோடு ஏந்திக்கொண்டுபோய் அவளிடம் நீட்டினேன்.